அம்சம் கதை சொன்ன ஊமைப்படம்

அம்சத்துக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். நடவு வயலில் அவளுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பவளுக்கு இடுப்புவலி தெரியாது, சிரித்துச் சிரித்து வயிறுதான் வலிக்கும். அப்பேர்ப்பட்ட வாய் அந்தத் தை மாதத்தில் பத்து நாளாக மூடிக் கிடந்தது. புருஷன் வீரையனுக்கு முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது, மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது.

விஷயம் இதுதான். மன்னார்குடிக்குத் தெற்கே அவர்கள் ஊர். அங்கே பாதி நிலம் மிராசுதார் அமிர்தலிங்கத்தின் பண்ணை. அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை அளந்து உள்ளே கொண்டுபோன பிறகும் களத்தில் மண்ணோடு மண்ணாகக் கொஞ்சம் சிதறிக் கிடக்கும். கூட்டிப் புடைத்தால் ஒரு மரக்கால், இரண்டு மரக்கால் தேறும். அது களம் கூட்டுகிறவளுக்கு என்பது வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை.

ஆனால் காலம் புரண்டுகொண்டிருந்தது. ஆட்சி மாறி மூன்று வருஷம். ஊருக்கு ஊர் விவசாயக் கூலிகளின் சங்கக் கொடி ஏறிவிட்டது. அறுப்புக் கூலியை இவ்வளவு கொடுத்தே தீரவேண்டும் என்று சர்க்காரே சட்டம் போட்டுவிட்டது. அமிர்தலிங்கத்துக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாக உறுத்தியது. கூலியில் போனதை வேறு எதிலாவது பிடிக்கவேண்டாமா? "களத்துல சிந்துனதும் பண்ணை நெல்லுதான்" என்று சொல்லிவிட்டார். யாரிடம் சொன்னார்? பண்ணை வேலைகளை மேற்பார்க்கிற காரியக்காரர் கோவிந்தராசுவிடம். அந்த மகராசன் அதை ஆட்களிடம் சொன்னாரா? மூச்சு விடவில்லை. அம்சம் வழக்கம்போலக் கூட்டினாள், புடைத்தாள், இரண்டு மரக்கால் நெல்லைக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் வரப்பில் நடந்தாள். மதகடியில் நின்று மறித்த கோவிந்தராசு, "திருட்டு நெல்லு" என்று சொல்லிக் கூடையைப் பிடுங்கிக்கொண்டார்.

அம்சத்தின் மாமியார் பொன்னுத்தாய்க்கு அறுபது வயதிருக்கும். மருமகளோடு மூன்று வேளையும் சண்டை பிடிப்பவள், அன்றைக்கு அவளுக்காகப் பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றாள். "இது நேத்து வந்த வழக்கமில்லீங்க ஆண்டே. உங்க அப்பாரு, பெரிய பண்ணை, அவரு கையாலேயே என் முறத்துல அள்ளிப் போட்டிருக்காரு" என்றாள். கோவிந்தராசு சிரித்தார். "செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடுறியா? போ, போயி கூட்டிட்டு வா" என்றார். கிழவி வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

போலீசுக்கு எழுதின மனு கோவிந்தராசுவின் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அம்சத்துக்கு நெல் போனதுகூடப் பெரிதில்லை. குளத்துக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் திருடி என்ற சொல் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

பதினோராம் நாள் மிராசுதாரே ஆள்விட்டுக் கூப்பிட்டார். அம்சமும் வீரையனும் போனார்கள், சங்கத் தலைவர் இராஜாங்கமும் கூடப் போனார்.

"அம்சம், நீ அஞ்சாவது படிச்சவதானே?" என்று கேட்டார் அமிர்தலிங்கம்.

"ஆமாங்க ஐயா."

"எங்கப்பா ஒரு படம் எடுத்திருக்கார், தெரியுமா? படமெல்லாம் பேசாத காலத்துல எடுத்தது. இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூனுஸ் கொட்டாயில அதைப் போடச் சொல்லியிருக்கேன். டிக்கெட் கிடையாது, எல்லாரும் வரலாம். ஊமைப்படம்கிறதால பக்கத்துல நின்னு ஒருத்தர் கதை சொல்லணும். அதை நீ சொல்லு. கடைசியில திருடன் முதலாளி கால்ல விழுந்து மன்னிப்புக் கேப்பான். அந்த வசனத்தையும் நீதான் வாசிக்கணும். வாசிச்சிட்டா மனுவைக் கிழிச்சிடறேன். போலீசும் வேணாம், கோர்ட்டும் வேணாம்."

கேட்ட மூன்று பேருக்கும் சூது புரிந்தது. ஊர் முன்னால் அவள் வாயாலேயே அவளைத் திருடி என்று சொல்ல வைக்கவேண்டும். அவள் சொல்லிவிட்டால் அப்புறம் எந்தக் களத்திலும் எந்தப் பெண்ணும் விளக்குமாற்றைத் தொடமுடியாது. இராஜாங்கம் "இது நியாயமில்லீங்க" என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்சம் "சொல்றேங்க ஐயா" என்றுவிட்டாள்.

வெளியே வந்ததும் வீரையன் பிடித்துக்கொண்டான். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"போலீஸ் ஸ்டேஷன்ல போயி நிக்கிறதுக்கு பாய் கொட்டாயில நிக்கிறேன். அந்த வசனம் கடைசியிலதானே வருது? வரட்டும், அப்ப பாத்துக்குவோம்" என்றாள் அம்சம். சொன்னாளே தவிர, அப்போது என்ன பார்க்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

யூனுஸின் டூரிங் கொட்டகை பாமணி ஆற்றுக்கு இந்தப் பக்கம், மேய்ச்சல் தரையில் இருந்தது. கொட்டகைக்கு முதலாளியும் அவரே, ஆபரேட்டரும் அவரே. பண்ணை வீட்டு இரும்பு அலமாரியில் நாற்பது வருஷம் கிடந்த ஏழு ஃபிலிம் டப்பாக்களை இரண்டு நாள் தட்டிக்கொட்டிப் பார்த்தார். மூன்று பொடிப்பொடியாகிவிட்டன, நாலுதான் தேறின. வந்து நின்ற அம்சத்திடம் மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, இது பழைய காலத்து ஃபிலிம். ஓடிக்கிட்டே இருந்தாத்தான் தப்பிக்கும். நடுவுல நிறுத்துங்கன்னு மட்டும் சொல்லிடாதே, விளக்குச் சூட்டுல பத்திக்கும். நீயும் நானும் படமும் சேர்ந்து போயிடுவோம்."

சூரியன் இறங்கவேண்டியதுதான் பாக்கி, ஊர் முழுக்க மணல் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. பெஞ்சில் சங்கத்துக்காரர்கள். முன்னால் போட்ட ஒற்றை நாற்காலியில் அமிர்தலிங்கம், பின்னால் குடையோடு கோவிந்தராசு. திரைக்குப் பக்கத்தில் ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு மைக், கையில் மிராசுதார் எழுதிக் கொடுத்த காகிதங்களோடு அம்சம். 

"தான்யத் திருடன் அல்லது தர்ம ஜெயம்" என்று அவள் வாசித்தாள். படம் ஆரம்பித்தது.

"முன்னொரு காலத்தில் சத்தியகீர்த்தி என்னும் தனவந்தர் தம் ஊழியர்களைப் பெற்ற பிள்ளைகளைப்போல் பாவித்து..." அவள் இந்த வரியை முடிப்பதற்குள் திரையில் தனவந்தர் நடந்து வந்து, உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, எழுந்தும் போய்விட்டார். பேசும் படம் ஓட்டுகிற மெஷினில் ஊமைப்படம் தலைதெறிக்க ஓடியது. எல்லோரும் குடுகுடுவென்று நடந்தார்கள், வெடுக்கென்று உட்கார்ந்தார்கள், விசுக்கென்று அழுதார்கள். காகிதத்துக்கும் திரைக்கும் ஒட்டவேயில்லை. பெஞ்சிலிருந்து ஒருத்தர் கொட்டாவி விட்டார்.

அம்சம் காகிதத்தை ஒரு தரம் பார்த்தாள், திரையை ஒரு தரம் பார்த்தாள். இத்தனை நாளாகப் பூட்டிக் கிடந்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சரி, இதை வச்சுட்டு நான் பாக்கறதைச் சொல்றேன். அந்தா வர்றா பாருங்க, திருடன் பொண்டாட்டி. மூஞ்சியை வழிச்சு ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்போல. புள்ளைக்குக் காய்ச்சலாம். அழுவுறா. அழுவாதேம்மா, முதல்ல முந்தானையை இழுத்துவிடு, கையில இருக்கிற முடி தெரியுது."

கொட்டகையே குலுங்கியது. அந்தக் காலத்தில் பெண் வேஷத்துக்கு ஆண்கள்தான். அதைக் கண்டுபிடிக்க அம்சத்துக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததும் மைக்கை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"புருஷன் முதலாளிகிட்டப் போறான். மருந்துக்கு ஒரு மரக்கால் நெல்லு கேக்குறான். முதலாளி இல்லேங்கிறாரு. பின்னால பாருங்க, பத்தாயம் ரொம்பி வழியுது. ஒரு மரக்கால் குடுத்திருந்தா படம் இத்தோட முடிஞ்சிருக்கும், நாமளும் வீட்டுக்குப் போயி மீன்குழம்பு வச்சிருக்கலாம்."

அமிர்தலிங்கம் நாற்காலியில் நெளிந்தார். கோவிந்தராசு குனிந்து "நிறுத்தச் சொல்லட்டுங்களா" என்று கேட்டார். மிராசுதார் வேண்டாம் என்று கையை அசைத்தார். கடைசி வசனம் பாக்கி இருக்கிறதே, அந்தத் தெம்பு அவருக்கு.

இரண்டாவது ரீல் ஓடியது. திருடன் ராத்திரியில் நெல் மூட்டையைத் தூக்குகிற கட்டம். ராத்திரி என்று காகிதத்தில்தான் இருந்தது, திரையில் வெயில் கொளுத்தியது. திருடன் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

"ஆத்தாடி, கலம் நெல்லு. ஒத்தக் கையில தூக்கிட்டு ஓடுறான். உள்ள வைக்கோலை அடைச்சிருக்காங்க சாமி. இதுக்கா போலீசு வந்துச்சு? வைக்கோல் திருடனைப் புடிக்க இம்மாம் பெரிய தொப்பியா?"

மூட்டை சுமந்து தோள் காய்த்தவர்கள் அத்தனை பேரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். திருடன் ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்தான், கண்ணை உருட்டினான், மார்பில் கை வைத்தான். அது நிஜக் களம். சிக்கனத்துக்காகப் பண்ணைக் களத்திலேயே, அறுப்பு நடக்கும்போதே எடுத்திருக்கிறார்கள். எல்லோரும் திருடன் கண்ணை உருட்டுவதைப் பார்த்தார்கள். அம்சத்துக்குக் களத்தைப் பார்த்தால் கண் விளக்குமாறு எங்கே என்றுதான் தேடும். தேடியது. அப்படியே வாய் நின்றுபோனது.

நிறுத்துங்க பாய் என்று கத்த வாய் வந்தது. யூனுஸ் சொன்னது ஞாபகம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரீல் ஓடி முடிந்து கொட்டகையின் ஒற்றை விளக்கு எரியும் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

"ஏன் நிறுத்திட்டே?" என்று அமிர்தலிங்கம் கேட்டார்.

"ஐயா, அந்த ரீலை இன்னொரு தரம் போடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"உங்க அப்பாரு வர்றாருங்க."

அமிர்தலிங்கத்தின் முகம் மாறியது. அவருக்கு ஐந்து வயதில் எடுத்த படம் அது, பன்னிரண்டு வயதில் அப்பா போய்விட்டார். வீட்டுக் கூடத்தில், வாசலில் நிற்பவர்களுக்கும் தெரியும்படி, ஒரு போட்டோ இருக்கிறது, தடியை ஊன்றிக்கொண்டு முறைத்துப் பார்க்கிற போட்டோ. அந்த முறைப்பைத் தவிர அவருக்கு அப்பாவின் முகத்தில் வேறெதுவும் நினைவில்லை. "போடு யூனுஸ்" என்றார். 

யூனுஸ் ரீலைத் திருப்பிச் சுற்றி, முடிந்தவரை மெஷினை மெதுவாக்கி ஓட்டினார். வைக்கோல் போர் வந்ததும் அம்சம் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"திருடனைப் பாக்காதீங்க. அவன் கண்ணை உருட்டட்டும். அவனுக்குப் பின்னால, வைக்கோல் போருக்கு வலது பக்கமா பாருங்க. நெல்லை அளந்து மூட்டை கட்டி வண்டியில ஏத்தியாச்சு. ஒரு பொண்ணு களத்தைக் கூட்டுது பாருங்க. கூட்டிக் குமிச்சிடுச்சு. அந்தா தடியோட வர்றாரு, யாரு அது?"

"பெரிய பண்ணை" என்று பத்துப் பதினைந்து கிழக் குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

"தடியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு. குனியுறாரு. ரெண்டு கையாலயும் அள்ளுறாரு. எதுல போடுறாரு பாருங்க. அந்தப் பொண்ணு முறத்துல. இன்னொரு கை. போதுமாங்கிறாரு. அது சிரிக்குது, அவரும் சிரிக்கிறாரு. எடுத்துட்டுப் போங்கிறாரு. தலையில வச்சுக்கிட்டு எல்லாருக்கும் முன்னால நடந்து போவுது. யாரும் மறிக்கலை."

அவ்வளவுதான், எண்ணிப் பார்த்தால் இருபது நொடி. மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நான்தான்டி அது" என்றாள் பொன்னுத்தாய். உரக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள். "கல்யாணமாகி ஆறு மாசம் எனக்கு. பொட்டி மாதிரி ஒண்ணை வச்சுக்கிட்டு ஒருத்தன் கையைச் சுத்திக்கிட்டே நின்னான். இதுக்குத்தானா நின்னான் அவன்?"

அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. திரையில் இருபது வயதில் முறத்தோடு நடந்து போனவளையும் மணலில் உட்கார்ந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எதற்கும் அஞ்சாத கிழவி வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்சத்துக்கு அந்தக் கணம் மாமியாரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படித் தோன்றியதில்லை.

அமிர்தலிங்கம் மட்டும் திரும்பவில்லை. ரீல் முடிந்து வெள்ளையாகிப் போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அடுத்ததைப் போடு" என்றார். மனுவைப் பற்றிப் பேச்சில்லை.

மூன்றாவது ரீலில் போலீஸ் வந்தது, விலங்கு பூட்டியது. நாலாவது ரீலில் தனவந்தர் கையை உயர்த்தி ஏதோ உபதேசம் செய்தார். திருடன் தொபுக்கென்று அவர் காலில் விழுந்தான். கோவிந்தராசு குடையை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார். காகிதத்தில் அந்த வசனம் கொட்டை எழுத்தில் இருந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த பாவி நான், எஜமானே, மன்னித்தருள்க.

அம்சம் காகிதத்தை எடுத்தாள். வீரையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இவன் என்ன சொல்றான்னு இதுல எழுதியிருக்கு. இவன் மூட்டையை எடுத்தான், மன்னிப்புக் கேக்குறான். வைக்கோல் மூட்டையா இருந்தாலும் எடுத்தது எடுத்ததுதான். அதனால இவன் கேக்கட்டும்." காகிதத்தை மடித்து அரிக்கேனுக்கு அடியில் வைத்தாள். "நான் எடுக்கலை. அதனால நான் வாசிக்க மாட்டேன்."

படம் முடிந்து விளக்கு எரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அமிர்தலிங்கம் திரும்பாமலே பின்பக்கம் கையை நீட்டினார். கோவிந்தராசு தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்துக் கொடுத்தார். மிராசுதார் அதை இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். "நெல்லைக் காலையில அனுப்பிவைக்கிறேன். போ" என்றார்.

அம்சம் போகவில்லை.

"ஐயா, காகிதத்தைக் கிழிச்சுட்டீங்க. பேரை என்ன பண்றது? திருடின்னு ஊருக்கே கேட்டுச்சு. இல்லேங்கிறதும் ஊருக்குக் கேக்கணுமில்ல?"

இராஜாங்கம் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். கோவிந்தராசு "ஏய்" என்று அதட்டினார். அமிர்தலிங்கத்தின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை, சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பண்ணை வீட்டில் பிறந்ததிலிருந்து மன்னிப்பைக் கொடுக்கிற பக்கத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார், கேட்கவேண்டிய பக்கத்தில் நின்றதேயில்லை.  முந்நூறு ஜோடிக் கண்கள் அவர் முகத்தில் இருந்தன.

"யூனுஸ்" என்றார்.

"சொல்லுங்க."

"அந்த விளக்கை அணைப்பா."

யூனுஸ் அணைத்தார். அம்சத்துக்கு என்ன தோன்றியதோ, குனிந்து அரிக்கேனின் திரியையும் இறக்கிவிட்டாள். கொட்டகை இருட்டிவிட்டது. பக்கத்தில் இருப்பவர் மூக்கு தெரியாத இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"அம்சம் எடுத்தது அவ நெல்லுதான். தப்பு எம்பேர்ல."

யார் குரல் என்று ஒருத்தருக்கும் சந்தேகமில்லை.  இத்தனை நாளாக அம்சத்துக்கு வராத அழுகை அந்த இருட்டில் வரட்டுமா என்று வந்து நின்றது. அதற்குள் மணல் பக்கமிருந்து பொன்னுத்தாயின் குரல் எழுந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரகசியம் பேசினாலும் கேட்டுவிட்டு வந்து மறுநாள் சண்டை போடுகிற காது அவளுக்கு.

"சரியாக் காதுல விழலீங்க ஆண்டே. இன்னொரு தரம் சொல்லுங்க."

 பிறகு நாற்காலிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். மிராசுதார் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்சம் எடுத்தது அவ நெல்லுதான்" என்று இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து சொன்னார், ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். யூனுஸ் யாரும் சொல்லாமலே விளக்கைப் போட்டார். அம்சம் கண்ணீரும் சிரிப்புமாக நின்றிருந்தாள், இரண்டையும் துடைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.